ஹாஸ்டலுக்கு வந்ததும் ஏன் எடை ஏறுது? சென்னையில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் கேட்கும் கேள்விகள்

பெருங்குடியில் தொடங்கி சிறுசேரி வரைக்கும் ஓ.எம்.ஆர். ஓரத்துத் தெருக்களில் லேடீஸ் ஹாஸ்டல் போர்டு தொங்காத தெரு குறைவு. மதுரை, தர்மபுரி, திருவண்ணாமலை, நாகர்கோவில் என்று எங்கெங்கோ இருந்து படித்து முடித்த கையோடு வந்து இறங்கும் பெண்களுக்கு அந்த ஹாஸ்டல்தான் முதல் சென்னை. உணவு ஆலோசகராக அவர்களோடு பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஐ.டி. பெண்கள் கேட்டவை அதிகம். தி.நகர் கடைகளிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்கள் கேட்டவையும் உண்டு.

ஊர்ல இருந்தவரைக்கும் எடை ஏறவே இல்லை. சென்னை வந்து ஒன்றரை வருஷத்துல ஏழு கிலோ. சாப்பாடும் ஒண்ணும் அதிகமில்லையே, எப்படி?

ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்பது தோராயக் கணக்கு. ஏழு கிலோவை ஒன்றரை வருஷத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 100 கலோரிதான் மிச்சமாகியிருக்கிறது. சர்க்கரை போட்ட ஒரு பால் டீ. அதனால் நீங்கள் "அதிகம் சாப்பிடலையே" என்று சொல்வதை நான் நம்புகிறேன். 100 கலோரி யார் கண்ணிலும் படாது.

இது வரவுப் பக்கம். செலவுப் பக்கம் சத்தமில்லாமல் சுருங்கியதை யாரும் கவனிப்பதில்லை. ஊரில் வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருப்பீர்கள், அல்லது அம்மா திட்டித் திட்டிப் போட வைத்திருப்பார். மாடிக்குத் துணி தூக்கிப் போனது, குடத்தில் தண்ணீர் பிடித்தது, காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடியது, தம்பியைக் கடைக்கு அனுப்ப முடியாமல் நீங்களே போனது, இதெல்லாம் உடற்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இங்கே அறை பெருக்க அக்கா வருகிறார், துணிக்கு வாஷிங் மெஷின், ஆபீஸுக்கு வாசலிலேயே கேப், ஆபீஸுக்குள் லிஃப்ட். பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில் போட்டால் நடக்க மிஞ்சுவது கட்டில்களுக்கு நடுவே ஒரு ஆள் ஒதுங்கும் இடம். லேப்டாப் வைப்பது, சாப்பிடுவது, அம்மாவோடு வீடியோ காலில் பேசுவது எல்லாமே கட்டிலில்தான். அந்த அறையில் ஒருத்தி செய்யக்கூடியது உட்காருவது அல்லது படுப்பது.

எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் 40.4 சதவீதம். அதே சமயத்தில் இந்திய அளவில் 24 சதவீதம்தான். நாலைந்து வருஷத்தில் ஒரு மாநிலத்துப் பெண்களுக்கு மொத்தமாக மனக்கட்டுப்பாடு குறைந்துபோனது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஆனா சூழல் மேல பழியைப் போடறது ஒரு சாக்குதானே? நினைச்சா முடியாதா?

இதைக் கேட்பவர்களில் பாதிப் பேர் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்ளக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில், ஏழ்மை மிகுந்த அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த 4,498 பெண்களின் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, ஏழ்மை குறைந்த பகுதியில் குடியேறினால் மட்டும் பயன்படுத்தக்கூடிய வாடகை உதவி. யாருக்கும் டயட் சொல்லவில்லை, ஜிம்முக்கு அனுப்பவில்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அளந்தபோது, அந்த வாய்ப்பு கிடைத்த பிரிவில் கடும் உடல் பருமனும் சர்க்கரை நோயும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. மாயம் என்று சொல்லும் அளவு வித்தியாசம் இல்லை, சில சதவீதப் புள்ளிகள்தான். ஆனால் மாறியது வீட்டு முகவரி மட்டும்.

நம்ம ஊர் உதாரணம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்று ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. 1990களின் பிற்பாதியில் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. மோகனின் ஆய்வுக்குழு அங்கே சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு நடத்தி, விழிப்புணர்வுக் கூட்டங்களும் போட்டது. "நடங்கள் என்கிறீர்கள், எங்கே நடப்பது?" என்ற கேள்வி வர, குடியிருப்புக்காரர்களே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 14 சதவீதம். பூங்கா வந்தபின் 58 சதவீதத்துக்கும் மேல். அறிவுரை தேவைதான், ஆனால் கால் வைக்க ஓர் இடம் வந்த பிறகுதான் அது வேலை செய்தது.

நினைத்தால் முடியும், சரி. தினமும் நினைத்தால்தான் முடியும் என்ற இடத்தில் இருப்பவளுக்கும், நினைக்காமலே நடந்துவிடுகிற இடத்தில் இருப்பவளுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன்.

மெஸ் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரிதானே? இட்லி, சாம்பார், சாதம், ரசம்… அதுல என்ன கெடுதல்?

பெயர்ப் பட்டியலில் ஒரு குறையும் இல்லை. அளவில்தான் கோளாறு. மெஸ்ஸில் எது அன்லிமிடெட், எதைக் கரண்டியால் அளந்து போடுகிறார்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். சாதம் எவ்வளவு வேண்டுமானாலும், சாம்பார் ரசம் இஷ்டம்போல. பொரியல் ஒரு கரண்டி, அதுவும் கோஸ் அல்லது பீட்ரூட். முட்டை வாரம் இரண்டு நாள், தலைக்கு ஒன்று, பெயர் எழுதி டிக் வைத்துத் தருவார்கள். சாம்பாரில் பருப்பு அடியில் தங்கியிருக்கும். முதலில் வருபவளுக்குத் தண்ணீர், கடைசியில் வருபவளுக்குப் பருப்பு, அதற்குள் அவளுக்குப் பொரியல் தீர்ந்திருக்கும். நடத்துபவரைக் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. அவர் வாங்கும் மாதக் கட்டணத்தில் எது மலிவோ அதுதான் தட்டை நிரப்பும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இப்படி: தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி கீரையோடு சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டை வகை 35 கிராம். சமைக்காத எடையில் சொன்ன அளவுகள் இவை. மெஸ் தட்டை இதோடு வைத்துப் பாருங்கள். தானியம் மட்டும் எளிதாக அந்த அளவைத் தாண்டும், மற்ற எல்லாமே பாதிக்குக் கீழே நிற்கும். பருப்பும் காயும் குறைந்த சாப்பாடு வயிற்றில் நிற்காது. சாயங்காலம் நாலு மணிக்கு பஜ்ஜிக் கடை கூப்பிடுவதற்குக் காரணம் மத்தியானத் தட்டுதான், உங்கள் நாக்கு இல்லை.

இன்னொன்று நேரம். காலை டிபன் ஏழரை முதல் ஒன்பதரை, இரவு எட்டு முதல் ஒன்பதரை என்று போர்டு இருக்கும். உங்கள் கேப் ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தால் பணம் கட்டிய சாப்பாடு போச்சு.

தொழிற்சாலை விடுதிகளின் கதை வேறு, அங்கே பிரச்சினை சில சமயம் எடைக்கும் முந்தையது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த பெண்களின் விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலுக்கு உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகள் எப்படி இருந்தன என்று வெளியே தெரிந்தது.

ஆன்லைன்ல ஒரு டயட் சார்ட் வாங்கினேன். ஓட்ஸ், கினோவா, கிரில் பண்ண பனீர்னு இருக்கு. ரூம்ல அடுப்பே வைக்க விடமாட்டாங்க. என்ன செய்ய?

அந்த சார்ட்டை மடித்து வையுங்கள். அடுப்பு இல்லாதவளுக்கு எழுதியது இல்லை அது.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு கெட்டில், ஒரு டிபன் பாக்ஸ், தெருமுனை மளிகைக்கடை. இதை வைத்தே நிறைய ஆகும். பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை இரண்டும் அடுப்பைப் பார்க்காது. பாசிப்பயறை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி வைத்தால் அடுத்த நாள் முளைவிடும், கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்து வடித்துவிட்டு, வெங்காயம், எலுமிச்சை சேர்த்தால் ஒரு சாயங்காலம் ஓடிவிடும். கெட்டி அவலைக் கழுவித் தயிரில் ஊறவைக்கலாம். வீட்டில் அரைத்த சத்துமாவை ஊரிலிருந்து கொண்டு வாருங்கள், அதைக் காய்ச்ச வார்டன் அக்காவின் அடுப்பில் ஐந்து நிமிஷம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். கொய்யாவும் வாழைப்பழமும் கத்தி கேட்காது. நாலு பேர் சேர்ந்து மெஸ் நடத்துபவரிடம் "மாசம் கொஞ்சம் சேர்த்துத் தர்றோம், தினம் ஒரு முட்டையும் சாயங்காலம் சுண்டலும் போடுங்க" என்று கேட்டுப் பார்த்தால் அவர் கணக்குப் போட்டு ஒத்துக்கொள்வது உண்டு. ஒருத்தி தனியாகக் கேட்டால் நடக்காது.

டெலிவரி ஆப்?

ஒரு ஆளுக்குச் சாப்பாடு வாங்க அது உங்களை விடாது. இவ்வளவுக்கு மேல் வாங்கினால் தள்ளுபடி, இவ்வளவுக்கு மேல் டெலிவரி இலவசம் என்று காட்டும். ஃப்ரைடு ரைஸோடு ஒரு சிக்கன் 65உம் சேர்ந்து வரும், பாதி மிஞ்சினால் வைக்க ஃப்ரிட்ஜ் கிடையாது, அதனால் முழுதும் உள்ளே போகும். ரூம்மேட்டோடு சேர்ந்து ஒரே ஆர்டர் போட்டுப் பங்கிடுங்கள். அவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

பாக்கெட் சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல் என்று வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். பதப்படுத்திய உணவு தின்ற நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஹாஸ்டல் அலமாரியில் பிஸ்கட்டும் நூடுல்ஸும் இருப்பது ஏன் வம்பு என்பதற்கு இது போதும்.

நைட் ஷிஃப்ட். சாயங்காலம் போய் அதிகாலை மூணு மணிக்கு வரேன். எப்ப சாப்பிடறது?

கிளம்பும் முன் மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டைத் தாமதமாகவாவது முழுதாகச் சாப்பிடுங்கள். அடுத்த சரியான சாப்பாட்டை எட்டு, ஒன்பது மணிக்குள் ஆபீஸ் கேன்டீனில் முடித்துவிடுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு சுண்டல், மோர், அவித்த முட்டை மாதிரி சின்னதாக. அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் பகலைவிடக் குறைவு, ராத்திரி ஒரு மணி பிரியாணி பகல் பிரியாணியைவிடக் கூடுதலாகப் படுத்தும்.

தூக்கம்தான் இதில் பெரிய விஷயம். நாலு பேர் அறையில் நாலு ஷிஃப்ட். நீங்கள் படுக்கும்போது ஒருத்திக்கு அலாரம் அடிக்கும், இன்னொருத்தி ஹேர் டிரையர் போடுவாள். தூக்கம் குறைந்தால் பசியைக் கூட்டும் ஹார்மோன் ஏறி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டயட்டை மாற்றும் முன் அறையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒரே ஷிஃப்ட்டில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து ஓர் அறையில் போடச் சொன்னால் செலவே இல்லை.

காலைல வாக்கிங் போகணும்னு ஆசை. ஆனா எங்க ரோட்டைப் பார்த்தீங்களா?

பார்த்தேன். நடைபாதை என்று கட்டியதில் பைக், டிரான்ஸ்ஃபார்மர், இளநீர்க் கடை. மெட்ரோ வேலைக்குத் தோண்டியதில் பாதி காணோம். மழை வந்தால் எது ரோடு எது வடிகால் என்று தெரியாது. தெருவிளக்கு எரியாத நூறு அடிக்குள் இரண்டு பேர் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவான்கள். நடக்காததற்குச் சோம்பல் என்று பெயர் வைக்கும் முன் இந்த நூறு அடியை நடந்து காட்டட்டும்.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் கவனிக்கும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் முதலில் செய்தது தாங்கள்தான் என்ற பெருமையும் உண்டு. 2019இல் பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. 2023 நவம்பரில் பெசன்ட் நகரில் எட்டு கிலோமீட்டர் நலநடைப் பாதை தொடங்கினார்கள். நல்லதுதான். காரப்பாக்கத்தில் இருப்பவள் நடப்பதற்காகப் பெசன்ட் நகருக்கு பஸ் ஏற வேண்டும் என்பதுதான் இடிக்கிறது.

ஆகவே இருக்கிற இடத்தைப் பாருங்கள். ஐ.டி. வளாகங்களுக்குள் நல்ல சாலையும் மரமும் வெளிச்சமும் காவலும் உண்டு. கேப்பில் இறங்கியதும் மேலே போகாமல், வளாகத்துக்குள்ளேயே இரண்டு சுற்று, சாப்பிட்டபின் ஒரு சுற்று. ஷூ மாற்றிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். ஹாஸ்டலில் நாலு மாடி இருந்தால் படிக்கட்டு. மொட்டை மாடிச் சாவியை வார்டன் பூட்டி வைத்திருந்தால் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறக்கச் சொல்லிக் கூட்டமாகக் கேளுங்கள். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பகலில் கேப்பை விட்டு பஸ்ஸில் போனால், ஸ்டாப்புக்குப் போகவர நடப்பதே கணிசம். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷம், கூடவே இரண்டு நாள் தசைக்கு வேலை. ஒரே மூச்சில் வேண்டாம், பத்துப் பத்து நிமிஷமாகவும் சேர்க்கலாம்.

நான் துணிக்கடையில வேலை. காலைல பத்துல இருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதான். எனக்கும் எடை ஏறுதே?

நிற்பது நடப்பது ஆகாது. ஒரே கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றால் கால் நரம்பு வீங்கும், முதுகு வலிக்கும், கலோரி பெரிதாகச் செலவாகாது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிடைக்கும் அரைமணியில் சாதத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்கள், கடை மூடி விடுதிக்குப் போய் பத்தரைக்கு மறுபடி சாதம், உடனே படுக்கை. எடை ஏறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஸ்டூல் இருந்தும் உட்காரத் தயங்கினால், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார உங்களுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. நாலு மணிக்குக் கொடுக்கும் டீ-பன்னுக்குப் பதில் பையில் ஒரு பிடி வேர்க்கடலை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: பாத்ரூம் போக அனுமதி கேட்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று வர அதுவும் ஒரு காரணம். தாகத்தைப் பசி என்று நினைத்துச் சாப்பிடுவதும் நடக்கிறது.

நான் ஒல்லிதான். அப்ப எனக்கு இதெல்லாம் வேண்டாமே?

எடை மெஷின் பாதிதான் சொல்லும். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 23க்கு மேல் போனாலே அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது 55 கிலோ, 60 கிலோ. அதைவிட முக்கியம் இடுப்புச் சுற்றளவு, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கை கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்வந்த உடல்வாகு நம்மிடம் சகஜம், சர்க்கரை நோய்க்கு அதுவே போதும்.

ஒல்லியோ குண்டோ, ரத்தசோகையைப் பாருங்கள். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருந்தது. எடை கூடுதலாக இருப்பவருக்கும் ரத்தம் குறைவாக இருக்கலாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை எடைமேல் போட்டுவிடாதீர்கள். சாப்பிட்டவுடன் டீ குடிப்பது இரும்புச்சத்தைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

பீரியட்ஸ் மூணு மாசமா வரலை. எடை குறைஞ்சா சரியாயிடுமா?

முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, கர்ப்பம் எல்லாம் பரிசோதித்துத் தெரிய வேண்டியவை. பி.சி.ஓ.எஸ். என்று உறுதியாகி எடையும் கூடுதலாக இருந்தால், உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் அதுவே மாதவிடாயை நிறுத்தும்.

ஊருக்குப் போனா பெரியம்மா "என்னடி இப்படி ஊதிட்ட"ங்கறாங்க, அம்மா "இளைச்சுட்ட, சாப்பிடு"ங்கறாங்க.

இரண்டு பேரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள், இரண்டையும் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வாருங்கள். திரும்பும்போது முறுக்கு டின்னுக்குப் பதில் பருப்புப்பொடி, வறுத்த கடலை, கருவேப்பிலைப் பொடி கட்டித்தரச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் கை ஓயாது.

ஹாஸ்டல் மாறப் போறேன். எதைப் பார்த்துச் சேரணும்?

ஏ.சி., வைஃபை பற்றி அவர்களே சொல்வார்கள். நீங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள், பகலில் போகாதீர்கள். அந்த நேரத்தில் பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது, கடைசியில் வருபவளுக்குக் காய் கிடைக்கிறதா என்று தெரியும். தாமதமாக வருபவருக்குச் சாப்பாடு எடுத்து வைப்பார்களா, தங்கியிருப்பவர்களுக்கு ஃப்ரிட்ஜ் உண்டா, இண்டக்ஷன் அடுப்புக்குப் பொதுவாக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா, மொட்டை மாடி திறந்திருக்குமா என்று கேளுங்கள். கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதும் முக்கியம். ஆறரைக்கு ஆபீஸ் முடித்து, எட்டுக்கு வந்து, எட்டரைக்கு கேட் பூட்டினால் நடை அன்றோடு சரி. வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் அந்த ராத்திரியிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் பழக்கடை, காய்கறி வண்டி இருந்தால் விசேஷம். மாதம் ஐந்நூறு ரூபாய் கூடுதல் என்றாலும் நான் அந்த ஹாஸ்டலைத்தான் எடுப்பேன்.

பெண்கள் விடுதிகளுக்கு 2014ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். பட்ஜெட் இடித்தால் வேலை பார்க்கும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.